ஐந்தடி ஏழு

முதல் சுற்று எப்போதும் சுவரோரமாகத்தான். அதில் கை தானாக ஓடும், வண்டியின் பக்கத்துத் தூரிகை பலகையில் உரசுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டால் போதும், மனம் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம், ஆனால் இன்றைக்கு அது எங்கேயும் போகமாட்டேன் என்று வாசலிலேயே நிற்கிறது, கொஞ்சம் முன்னால் நான் பனித்தரையைச் சீவி மெழுகுகிற இந்த ஐஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்து காத்திருந்த வாசலில், ஐஸ் ஹொக்கியின் இரண்டாம் பகுதி ஆட்டம் முடிந்து எங்கள் ஊர் அணி வரிசையாக உள்ளே போன வாசலில், எல்லாருக்கும் கடைசியாக வந்த என் தம்பி சாரங்கன் வண்டியின் தகட்டில் ஒரு கையை ஊன்றி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னை அண்ணாந்து பார்த்து, "அண்ணா, அம்மா வந்திட்டாவோ?" என்று கேட்ட இடத்தில். நான் சிரித்தேன். "வந்திட்டா. அப்பாவும் அவவும் மேல இருக்கினம். ஆட்டத்துக்கு முதல் நீதானே போய்க் கட்டிப்பிடிச்சிட்டு வந்தனீ" என்றேன். "ஓம் ஓம்" என்று அவனும் சிரித்தான். ரப்பர் விரிப்பில் நாலைந்து அடி நடந்தான். நின்றான். திரும்பி வந்து அதே தகட்டில் அதே கையை வைத்து, முதல் தடவை கேட்கிறவனின் முகத்தோடு, குரலின் அதே ஏற்றத்தோடு, "அண்ணா, அம்மா வந்திட்டாவோ?" என்றான்.

சாரங்கா, இப்பத்தானே கேட்டனீ என்று நான் சொல்லியிருக்கக் கூடாதோ. சொன்னதும் அவன் கண்ணுக்குள் என்னவோ ஓடியது, இருட்டில் சுவரென்று கை வைத்த இடத்தில் சுவர் இல்லாமல் போனால் வருமே, அந்தப் பயம், பிறகு என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பதை மறந்து குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை அண்ணா. சின்னன், தாங்கமாட்டான் எண்டு அனுப்பிப்போடுவாங்கள்" என்றான். போய்விட்டான். உடை மாற்றும் அறையின் கதவு மூடிக்கொண்டது. இந்த அரங்கின் பொறுப்பாளர் டொனா பெரிய கேட்டைத் திறந்துவிட்டு "போ மயூர், போ, போ, சனம் பார்த்துக்கொண்டிருக்குது" என்று கையை வீசினாள், நானும் வந்துவிட்டேன், வந்து இதோ செதுக்கிக்கொண்டிருக்கிறேன், கத்தி கிழிபட்ட பனியைச் சீவுகிறது, பின்னால் துணி சுடுநீரை மெல்லிசாகப் பூசுகிறது, ஆவி எழுகிறது, என் பக்கத்து இருக்கையில் மிஸஸ் பெவர்லி கையசைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டங்களில் சீட்டிழுப்பில் வெல்கிறவருக்கு இந்த வண்டியில் ஒரு சவாரி. பெவர்லி முப்பது வருடமாகச் சீட்டு வாங்குகிறாராம், இன்றைக்குத்தான் விழுந்ததாம், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி மணிக்கட்டை மட்டும் ஆட்டுகிறார். அவர் இங்கிலிஷில் சொல்வதெல்லாம் என் தலைக்குள் எங்கள் பெரியம்மாவின் தமிழாகத்தான் விழுகிறது, அந்தக் குரலும் உடம்பும் அப்படி. "உந்தச் சின்னப் பெடியனை ஆர் உள்ள விட்டது?" என்கிறார். "எங்கட காலத்தில எண்டால் உவனை ரெண்டாய் மடிச்சுப் பையில வைச்சிருப்பாங்கள். ஆனா எழும்பினான் பார்த்தியே! அவ்வளவு பெரிய அடிக்குப் பிறகும் எழும்பினான்! அதுதான் பிள்ளை." நான் "ஓம்" என்கிறேன். "உனக்குத் தெரிஞ்ச பெடியனோ?" "தெரியும்" என்கிறேன், மூலை வருகிறது, திருப்ப வேண்டும், மூலையில் மெதுவாக.

எழும்பினான். அதைத்தான் எல்லாரும் கைதட்டிக் கொண்டாடினார்கள், நானும்கூடத் தட்டினேன், கேட்டுக்குப் பின்னால் நின்று கையுறையோடு தட்டினேன். அந்த மூலையில், அதோ இப்போது நான் கடக்கிற இந்த மூலையில்தான், எதிரணியின் ஹேக்கெட், ஆறடி ஐந்து, ஆட்டப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது, நேரில் பார்த்தால் கதவுக்குக் குனிகிற ஆள், தோளைப் பதித்து நேர்மையாகத்தான் இடித்தான், விதியில் ஒரு பிழையும் இல்லை, ஊதல்கூட ஊதவில்லை. நெஞ்சில்தான் பட்டது. ஆனால் தலை பின்னால் போய்க் கண்ணாடியில் அடித்த சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது, ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் ஒரு தேங்காயை நிலத்தில் வைத்த மாதிரிச் சின்னச் சத்தம். விழுந்தான். எழும்பினான். மிக விரைவாக எழும்பினான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, விழுந்தவன் கொஞ்ச நேரம் விழுந்து கிடக்க வேண்டாமா, இவன் விழுந்ததை யாரும் பார்க்கக் கூடாது என்கிற மாதிரித் துள்ளி எழும்பி, ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, நேராக எதிரணி பெஞ்சை நோக்கி ஒரு பத்தடி போய், அதன்பிறகு திரும்பினான். சனம் அதையும் பகிடி என்று நினைத்தது. காயம் பார்க்கிற ட்ரெயினர் கிளென் அவனைப் பெஞ்சில் இருத்தி முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டி வழக்கமான கேள்விகளைக் கேட்டதைத் தூரத்திலிருந்து பார்த்தேன், இது எந்த அரங்கம், எத்தனையாவது பகுதி, கடைசியாகக் கோல் போட்டது யார், போன ஆட்டம் யாரோடு. சாரங்கனின் வாய் டக்டக்கென்று அசைந்தது. கிளென் தோளில் தட்டினார். அந்தக் கேள்விகள் மாறுவதில்லை, எல்லா வீரருக்கும் அவை தெரியும், ஒவ்வொரு இடைவேளையிலும் பதிலை மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்துக்கொள்வார்கள், எப்போது தலையில் விழுமென்று யாருக்குத் தெரியும், விழுந்த பிறகு யோசிக்க முடியாதே. நேற்று எங்கள் அடித்தள வீட்டில் பல் தீட்டிக்கொண்டே இவனும் சொல்லிப் பார்த்தான், நுரையோடு, இங்கிலிஷில், நான் கிளெனாக நின்று கேள்வி கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

இரண்டாவது சுற்று, முதல் தடத்தின் மேல் கொஞ்சம் ஏறிப் போக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கோடு விழும். சின்னன். அந்தச் சொல் எங்கள் வீட்டில் எப்போது நுழைந்தது? இவன் முதல் முதல் பனியில் ஏறிய அன்றைக்கே இருக்க வேண்டும். நாங்கள் வளர்ந்த ஸ்காபரோவில் பழைய சாமான் விற்கிற விளையாட்டுக் கடையில் அம்மா சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்தா, கடைக்காரன் அளவு சொன்னான், அம்மா தலையாட்டினா, "வளருற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசா எடுங்கோ" என்று அப்பாவிடம் சொன்னா. பள்ளிக்கூடக் காற்சட்டை வாங்குகிற மாதிரி, குளிர் கோட்டு வாங்குகிற மாதிரி, என் கோட்டெல்லாம் முதல் வருடம் முழங்காலைத் தொடும், இரண்டாம் வருடம் சரியாக இருக்கும், மூன்றாம் வருடம் தம்பிக்குப் போகும். பனிச் சறுக்குச் சப்பாத்தை அப்படி வாங்கக் கூடாது என்று எங்களுக்கு யார் சொல்ல? கடைக்காரன் சொன்னான்தான், அப்பாவுக்கு அது கூட விலைக்கு விற்கிற தந்திரமாகப் பட்டது. நுனியில் காலுறையைச் சுருட்டித் திணித்து, என்னுடைய இரண்டு சோடியை மேலே மாட்டி, சாரங்கன் பனியில் இறங்கினான், சப்பாத்துக்குள் கால் மிதந்தது, நேராக நின்றால் விழுந்துவிடுவான், அதனால் அவன் நேராக நிற்கவே பழகவில்லை, முழங்காலை மடித்து, பதுங்கி, கத்தியின் உள்விளிம்பைப் பனியில் கடிக்கவைத்து வளைந்து வளைந்து போகத்தான் பழகினான். வளருவான் வளருவான் என்று அடுத்த வருடமும் இரண்டு அளவு பெரிது, அதற்கடுத்த வருடமும். பிறகு ஒரு பயிற்சியாளர் அப்பாவைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைக்கு யார் இப்படித் திரும்பச் சொல்லிக்கொடுத்தது, நான் பார்த்ததிலேயே இவன்தான் இவ்வளவு இடத்துக்குள் திரும்புகிறான் என்று கேட்டாராம், அப்பா பெருமையாக, "தாய்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வளரவில்லை. பதினைந்து வயதில் ஐந்தடி ஏழில் நின்றான், நின்றது நின்றதுதான். அம்மா உளுத்தங்களி கிண்டினா, முட்டை அடித்துக் கொடுத்தா, கதவு நிலையில் கம்பி பூட்டித் தொங்கச் சொன்னா, அவன் தொங்கிக்கொண்டே கணக்குப் பாடம் படித்தான், நான் கீழே இருந்து புத்தகத்தைப் பிடித்தேன். சித்தப்பா வந்தால், "எங்க எங்கட ஆறடி வீரன்? ஸ்டிக்குக்குப் பின்னால நிக்கிறானோ?" என்பார். அப்பாவுக்கு மட்டும் கோபம் வரும். "டேய், பக் எங்க கிடக்குது? நிலத்தில. நிலத்தில கிடக்கிறதை எடுக்க ஏன்டா ஆறடி?" என்பார். பக் என்கிற அந்த ரப்பர் வட்டுத்தான் அப்பாவின் ஒரே வாதம், இத்தனை வருடமாக அதே வாதம், கல்யாண வீடுகளில், பல் வைத்தியரிடம், பெற்றோல் நிலையத்தில் யாரோ முன்பின் தெரியாத ஆளிடம்கூட. நான் பொறுமையாக விளக்கியிருக்கிறேன், அப்பா, பக் நிலத்தில்தான், ஆனால் அதை எடுக்கப் போகிற மூலையில் ஒரு ஆறடி ஐந்து முதலே வந்து நிற்கும், கை நீளமென்றால் தூரத்திலிருந்தே தட்டிவிடும், வலைக்கு முன்னால் நின்றால் நகர்த்தவே முடியாது, பெரிய உடம்புக்கு அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, பெரியவர்களை அடுக்கி வைத்துத்தான் அணிகள் வெல்கின்றன என்று நினைக்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை. அப்பா கேட்டுவிட்டு, "சரி, ஆனா பக் எங்க கிடக்குது?" என்பார். இன்றைக்கு முதற்பகுதியில் அப்பா வென்றார். ஹேக்கெட்டின் கைக்குக் கீழால், அந்த நீளமான கைக்கும் ஸ்டிக்குக்கும் நடுவில் இருக்கிற கூடாரத்துக்குள்ளால் சாரங்கன் புகுந்து, பதுங்கி, பக்கை எடுத்துக்கொண்டு மறுபக்கம் வந்து, தலையைத் தூக்காமலே நடுவுக்குத் தள்ளிவிட்டான், கோல். எல்லாரும் கோலுக்குக் கத்தினார்கள், கத்தி முடிந்து அமைதியான பிறகு மேலே ஒரு ஆள் மட்டும் எழும்பி நின்று தட்டிக்கொண்டிருந்தது, அது அப்பா. ஆட்டப் புத்தகத்தில் சாரங்கனுக்கு ஐந்தடி ஒன்பது என்று போட்டிருக்கிறார்கள். யார் போட்டது என்று கேட்டேன், அணி அலுவலகத்துப் பெண் கண்ணடித்து, சப்பாத்தோடு அளந்தோம் என்றாள். அப்பா ஐந்து பிரதி வாங்கினார்.

"அவன்தான் அந்தக் கோலையும் குடுத்தவன்" என்கிறார் பெவர்லி, என் மனதைக் கேட்டவர் மாதிரி. "ஓம்." "கெட்டிக்காரன். ஆனா உடம்பு வேணுமடா தம்பி. கெட்டித்தனம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். மூண்டாம் பகுதியில அந்த மலையன் திரும்பவும் குடுப்பான் பார். அப்பவும் எழும்பினானெண்டால் இந்த ஊரே அவனைத் தோளில தூக்கும்." திரும்பவும் கொடுப்பான். ஆமாம், கொடுப்பான், அவன் வேலை அது, அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அவனுக்கும் ஒரு அம்மா மேலே இருந்து பார்ப்பா. எனக்கு ஹேக்கெட்டில் கோபம் இல்லை. எனக்கு ஓவன்தான் ஞாபகத்துக்கு வருகிறான், எங்கள் சமையலறையில் அவன் உட்கார்ந்த விதம். ஓவன் ப்ரூயர் எங்கள் அணியின் பெரியவன், ஹேக்கெட்டுக்குச் சமம், முன்பல் இல்லை, சண்டை போடுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று சனம் சொல்லும். சாரங்கன் இங்கே பயிற்சிக்கு வந்த முதல் வாரமே அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தான், அம்மா அனுப்பிய மட்டன் ரோல்ஸைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கினோம், ஓவன் பன்னிரண்டோ என்னவோ சாப்பிட்டான், சாப்பிட்டுக்கொண்டே மிகவும் மரியாதையாக, "இந்த லைட்டைக் கொஞ்சம் அணைக்கலாமா?" என்று கேட்டான். அணைத்தேன். அடுப்பின் சின்ன வெளிச்சத்தில் மூன்று பேரும் இருந்தோம். வெளிச்சம் குத்துகிறது என்றான். முதல் இரண்டு தடவை தலையில் பட்டபோது ட்ரெயினரிடம் பதில் சொல்லித் தப்பிவிட்டேன், மூன்றாவதில்தான் பிடிபட்டேன் என்றான், தப்பியதைச் சொல்லும்போது சிரித்தான். மகளுக்கு மூன்று வயது. "சில நாள் காலையில் அவள் ஓடி வருவாள். பெயர் வராது. அதனால் குட்டி என்று கூப்பிடுகிறேன். கொஞ்ச நேரத்தில் பெயர் வந்துவிடும்." பிறகு இன்னொரு ரோல்ஸ் எடுத்தான். ஆறடி ஐந்து. அத்தனை எலும்பு, அத்தனை இறைச்சி, அதற்குள் மண்டைக்குள் இருக்கிறது மட்டும் எங்கள் எல்லாருடையதும் போலப் பாற்சோறு மாதிரி மெத்தென்றுதானே இருக்கிறது, அதை எந்த உடற்பயிற்சி பெருப்பிக்கும்?

நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன். இப்படி நீள்வட்டமாக உள்ளே உள்ளே போய்க் கடைசியில் ஒரு பட்டை மிஞ்சும், அதையும் போட்டால் முடிந்தது, கேட்டுக்குள் போய்விடுவேன், டொனா மூடுவாள், அவர்கள் வருவார்கள், அவன் வருவான். சொல்லாவிட்டால் என்ன? ஒன்றும் ஆகாமலும் போகலாம். மூன்றாம் பகுதியில் அவனைக் கொஞ்ச நேரம்தான் இறக்குவார்கள், அவன் பெஞ்சிலேயே இருந்து விடலாம், ஹேக்கெட் மறுபக்கம் விளையாடலாம், ஆட்டம் முடியலாம், நாங்கள் வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு இருக்கலாம், நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு. சொன்னால் என்ன? அது நிச்சயமாகத் தெரியும். பயிற்சியாளர் அவனை எடுக்கும்போதே, என் காதுபடவே, "திறமையில் எனக்குச் சந்தேகமில்லை, தாங்குவானா என்றுதான் பார்க்கிறேன்" என்றார், இரண்டு பேர் காயப்பட்டுக் கிடக்கிறதால்தான் இந்த ஒரு ஆட்டத்துக்கான ஒப்பந்தக் கையெழுத்து, முதல் ஆட்டத்தில், முதல் அடியில், தலை என்று வெளியே போனால் அவர் பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு மனதுக்குள் ஒரு டிக் போடுவார், அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்காது. இருபத்திரண்டு வயது. இதைத் தவிர ஒன்றையும் ஆசைப்படாத பிள்ளை. இதே ஓவன் விழுந்திருந்தால் காயம் என்பார்கள், இவன் விழுந்தால் உயரம் என்பார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதனால்தான் அவன் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான், சின்ன வயதில் கடையில் இனிப்புக்கு இழுக்கிற மாதிரி. பத்து வயதில் கையை உடைத்துக்கொண்டும் மிச்ச ஆட்டத்தை விளையாடிவிட்டு, வரும் வழியெல்லாம் காரில் அப்பாவோடு இங்கிலிஷில் கோல் கதை கதைத்துவிட்டு, படுக்கப் போன பிறகு மேல் கட்டிலிலிருந்து, "அண்ணா, கை கொஞ்சம் சூடாக்கிடக்குது" என்றான். நான் ஓடிப்போய் அப்பாவை எழுப்பினேன். கோள்மூட்டி என்று பெயர் வைத்து ஒரு மாதம் பேசாமல் இருந்தான், அம்மாதான் இரண்டு பேருக்கும் நடுவில் தூது, "உன்ர அண்ணன் உப்புக் கேக்கிறான், குடுக்கிறியோ?" கை பொருந்தியதும் அதே கையால் என்னைக் குத்தினான், சரியாகிவிட்டது. நோவு எதுவும் இவனுக்கு இங்கிலிஷில் வருவதில்லை. இங்கிலிஷில் இவன் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறான்.

மேலே பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்துவிட்டேன். அம்மா நீலக் குளிர்த்தொப்பியோடு இருக்கிறா, என்னைக் கண்டதும் எழும்பிக் கையசைக்கிறா, பெவர்லி அது தனக்கு என்று நினைத்துப் பதிலுக்கு அசைக்கிறார், இரண்டு பேரும் மாறி மாறி அசைக்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எழும்பினான்தானே, கண்ணால் கண்டாதானே. நான் சொல்லாமல் விட்டு, ஒன்றும் ஆகாவிட்டால், அம்மாவுக்கு எப்போதும் தெரியாது. நான் சொல்லாமல் விட்டு, ஏதாவது ஆகிவிட்டால், அப்போதும் தெரியாது. யாருக்குமே தெரியாது, இந்த அரங்கத்தில் இத்தனை பேர் இருந்தும் அவன் வாசலில் என்ன கேட்டான் என்று தெரிந்த ஒரே ஆள் நான், அவனுக்கே இந்நேரம் அது மறந்திருக்கும். மறந்திருக்கும். இந்த நினைப்பில் வண்டி ஒரு முழத்துக்கு விலகிவிட்டது, தடத்தில் ஒரு வறண்ட கீற்று, டொனா கேட்டிலிருந்து இரண்டு கையையும் விரிக்கிறாள், என்ன செய்கிறாய் என்று. தாங்குகிறவன் என்றால் யார்? அடி விழுந்த பிறகு எழும்புகிறவன் என்று பெவர்லி சொல்கிறார், ஊர் சொல்கிறது, தம்பி அதை நம்புகிறான், நானும் இன்று மத்தியானம் வரைக்கும் நம்பினேன். அவன் எழும்பியது தைரியத்தில் இல்லையே, பயத்தில் அல்லவா எழும்பினான், ஐந்தடி ஏழு என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில். பெரியவனாக இருந்திருந்தால் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்திருப்பான்.

கடைசிப் பட்டை. அதைப் போடாமல் வண்டியைத் திருப்புகிறேன், கேட்டுக்கு இல்லை, எங்கள் அணியின் பெஞ்சுக்கு. கத்தியைத் தூக்குகிறேன், சுடுநீரை மூடுகிறேன், மூடாமல் நின்றால் நின்ற இடத்தில் பனி உருகிக் குழியாகிவிடும், அது மட்டும் மறக்கவில்லை. சனம் சிரிக்கிறது, யாரோ விசில் அடிக்கிறான். "என்னடா தம்பி, பழுதோ?" என்கிறார் பெவர்லி. "இல்லை. என் தம்பியைப் பார்க்கப் போகிறேன்." அவர் கை பாதியில் நிற்கிறது. என்னைப் பார்க்கிறார், உடை மாற்றும் அறைப் பக்கம் பார்க்கிறார், திரும்ப என்னைப் பார்க்கிறார். "ஐயோ" என்கிறார், பெரியம்மா சொல்கிற மாதிரியே. "போ. நான் இதில இருக்கிறன். போ."

கிளென் பெஞ்சில் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, இருபது பேருக்கு ஒரே ஆள். நான் பலகையின் மேலால் எக்கி, "சாரங்கனுக்குத் தலை சரியில்லை" என்கிறேன்.

"நான் பார்த்தேனே. கேட்டதுக்கெல்லாம் சரியாகச் சொன்னான்."

"நீங்கள் இங்கிலிஷில் கேட்டீர்கள், அது அவன் பாடமாக்கி வைத்த பதில்."

அவருக்கு விளங்கவில்லை, பிறகு விளங்குகிறது, முகத்தில் அது மெதுவாக ஏறுகிறது. போத்தலை மூடாமலே கீழே வைக்கிறார். "அப்படியானால் நான் எதைக் கேட்பது?"

"நான் கேட்கிறேன்."

அறைக்குள் வியர்வையும் ஈரத் தோலும் மணக்கிறது, ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கிளெனோடு என்னைக் கண்டதும் யாரோ அதை நிறுத்துகிறார்கள். எவ்வளவு பெரிய ஆட்கள், தோள்பட்டைகளோடு உட்கார்ந்திருக்கும்போது மதிலில் மதில் சாய்ந்த மாதிரி, அதில் ஒரு இடுக்கில் ஓவனுக்குப் பக்கத்தில் என் தம்பி. என்னைக் கண்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது, முகம் இறுகிவிட்டது. நான் அவன் முன்னால் குந்துகிறேன். கேள்வியை வழியில் யோசிக்கவில்லை, வாயில் வந்தது. "சாரங்கா, இண்டைக்கு அம்மா உனக்குச் சாப்பிட என்ன கொண்டு வந்தவ?"

"புட்டு" என்கிறான் உடனே, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

ஆட்டம் உள்ள நாளில் எல்லாம் புட்டுத்தான், ஆறு வயதிலிருந்து புட்டுத்தான், வேறு எந்த நாளில் கேட்டாலும் அது சரியான பதில். இன்றைக்குத் தூரம் என்று, வரும்போது புட்டு காய்ந்துவிடும் என்று அம்மா விடிய முதல் எழும்பி இடியப்பம் அவித்து, சொதியைப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்தா. கார் நிறுத்துமிடத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டு, "முதல் ஆட்டத்துக்குப் போய் இடியப்பமோ அம்மா, நூல் மாதிரி விழுந்துபோவன்" என்று இவன்தான் அம்மாவை வம்புக்கு இழுத்தான், அம்மா தோளில் அடித்தா, சட்டையில் சொதி பட்டது.

"சரியா?" என்று கிளென் என்னைக் கேட்கிறார்.

சாரங்கன் என் முகத்தைப் பார்க்கிறான். நான் காட்டிக்கொடுப்பேனா என்று பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. சரியா பிழையா என்று அவனும் தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். அவனுக்கே தெரியவில்லை. தலையாட்டினால் போதும். இந்த அறையில் ஒருத்தருக்கும் புட்டும் தெரியாது, இடியப்பமும் தெரியாது.

"பிழை" என்கிறேன்.

கிளென் மூச்சை விடுகிறார், வைத்தியரைக் கூப்பிட ஆளை அனுப்புகிறார். ஓவன் வாங்கிலிருந்து இறங்கி முழங்காலில் நின்று, அந்தப் பெரிய விரல்களால், ஒரு குழந்தைக்குக் கழற்றுகிற மாதிரி, சாரங்கனின் சப்பாத்து நாடாவை ஒவ்வொரு கண்ணாகத் தளர்த்துகிறான். சாரங்கன் அவனைத் தடுக்கவில்லை. என்னை மட்டும் பார்க்கிறான். கண் நிரம்பிவிட்டது, விழவிட மாட்டான், அதுவும் எனக்குத் தெரியும்.

"நீயெல்லாம் ஒரு அண்ணனோ?" என்கிறான்.

"என்ன சொல்கிறான்?" என்கிறார் கிளென்.

"நான் அவனுடைய அண்ணனா என்று கேட்கிறான்."

கிளென் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிறார். வெளியே டொனா என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். சாரங்கன் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, பதில் வரும்வரை எடுக்க மாட்டான் போலிருக்கிறது, நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய், அவன் நாடியடியில் ஹெல்மெட் வாரைக் கழற்றிக்கொண்டே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஓம்" என்கிறேன்.